காத்திருந்த நாட்களும் கம்பளி நூலும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில், மகளிர் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மகளிர் பிரிவினர் என்னிடம் வந்து, "அக்கா, இந்தமுறை நீங்கள் பின்னல் வேலையைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கவேணும்" என்று கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். மேடையேறிப் பழக்கமில்லாதவள் நான். இந்த மொன்றியலுக்கு வந்த நாள்தொட்டு ஷபனெல் தெருத் தையல் தொழிற்சாலைகளில், மெஷினுக்கு முன்னால் குனிந்தபடியே இருபது வருடங்களுக்கு மேல் கழித்தவள். "பின்னலைப் பற்றி என்ன கதைக்கக் கிடக்கு? ஊசி இரண்டு, நூல் ஒன்று, அவ்வளவுதானே" என்றேன். "இல்லையக்கா, அந்த ஆஸ்பத்திரிக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்றார்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் ஓம் என்றேன்.

2022 ஐப்பசி மாதம் எனக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மார்பகப் புற்றுநோயை நேரத்தோடு கண்டுபிடிப்பதற்காகக் கியூபெக் அரசு 1998 இல் தொடங்கிய திட்டத்தின் கடிதம் அது. ஐம்பது வயது வந்ததும் பெண்களுக்கு இது தபாலில் வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மார்பகத்தை எக்ஸ்றே எடுக்கச் சொல்லி அழைப்பார்கள். உண்மையைச் சொல்கிறேன், அது எனக்கு வந்த மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் குசினி லாச்சிக்குள், கரண்ட் பில்லுகளுக்குக் கீழே வைத்துவிட்டேன். எனக்கென்ன வருத்தம், வேலைக்கு லீவு எடுக்கவேணும், முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் உடுப்பைக் கழற்றவேணும், இப்படியெல்லாம் எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். மூன்றாவதை மகள் கண்டுவிட்டாள். அவள்தான் ரெலிபோன் எடுத்து நாள் குறித்தாள்.

படம் எடுத்து ஒரு கிழமைக்குப் பிறகு வீட்டு ரெலிபோனில் ஒரு செய்தி விட்டிருந்தார்கள். பிரெஞ்சில் இருந்தது. எனக்குத் தெரிந்தது தொழிற்சாலைப் பிரெஞ்சு. வைத்தியப் பிரெஞ்சு தெரியாது. மகள் அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டாள். அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் நான் விளங்கிக்கொண்டேன். மீண்டும் படம் எடுக்கவேணுமாம், ஸ்கான் பண்ணவேணுமாம். அதன் பிறகு ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர 16 நாள் சென்றது. அந்தப் 16 நாளைப் பற்றித்தான் நான் இன்று உங்களோடு கதைக்கப் போகிறேன்.

அன்பானவர்களே, நாங்கள் காத்திருந்து பழகிய சனம். கொழும்பு லொட்ஜில் ஏஜென்சிக்காரனுக்காகக் காத்திருந்தோம். இங்கே வந்து அகதி வழக்குக்குக் காத்திருந்தோம். குடிவரவு அகதிகள் சபை 1989 தை முதலாம் திகதி தொடங்கிய காலத்தில் வந்தவர்களுக்குத் தெரியும், ஒரு கடிதத்துக்காகத் தபால் பெட்டியை எத்தனை தரம் திறந்து பார்த்திருப்போம் என்று. 2009 இல் வன்னியிலிருந்து ஒரு அழைப்பாவது வராதா என்று இரவிரவாக ரெலிபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஆனால் அதையெல்லாம் நாலு பேரோடு சேர்ந்து காத்திருந்தோம். இந்தக் காத்திருப்பு அப்படியில்லை. இது என் உடம்புக்குள்ளே. யாரிடமும் சொல்லாமல், சொல்ல வெட்கப்பட்டு, தனியே இருந்தேன்.

கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினேன். ரீவியில் போகிற படம் என்ன என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு இரண்டு மணிக்கு எழும்பி, பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தேன். சுவாமி அறைக்குள் போய் இருந்தாலும் வாய் தேவாரம் சொல்லும், மனம் வேறெங்கோ நிற்கும்.

எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு வயதான கியூபெக் மாது இருக்கிறார். நாங்கள் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். பல வருடமாக அவருக்கும் எனக்கும் இடையில் "பொன்ஜூர்" மட்டுந்தான். ஒன்று சொல்லவேணும். எங்கள் பிள்ளைகள் சின்னனாக இருந்தபோது, ஒரு நத்தாருக்கு நாலு சோடி பின்னல் செருப்பு கொண்டுவந்து தந்தவர் அவர். பென்ரெக்ஸ் என்கிற செயற்கை நூலில், கண்ணைப் பறிக்கிற நிறங்களில் பின்னுகிற அந்தச் செருப்பை இந்த மாகாணத்து வீடுகளில் கண்டிருப்பீர்கள். இலேசில் தேயாது. அவருடைய தாயார் கிராமத்தில் ஒரு பெண்கள் வட்டத்தில் இருந்தாராம். கியூபெக்கில் "செர்க்கிள் டெ பெர்மியேர்" என்று 1915 இல் தொடங்கிய விவசாயிகள் வீட்டுப் பெண்களின் சங்கம் அது. பின்னல், நெசவு, சமையல் எல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து இன்றைக்கும் நடத்திக்கொண்டு வருகிறார்கள்.

அன்றைக்கு நான் வெளிப்படிக்கட்டில், குளிரில், கோட்டும் போடாமல் இருந்ததை மதாம் கண்டார். என்னவென்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நெஞ்சைத் தொட்டு, "ஒப்பித்தால்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி தந்தார். பிறகு ஒரு கூடையிலிருந்து இரண்டு தடித்த ஊசியும் நீல நூல் உருண்டை ஒன்றும் எடுத்து என் மடியில் வைத்தார். தானே 40 கண்ணி போட்டுத் தந்து, என் கையைப் பிடித்துக் காட்டினார். நேர்க்கண்ணிக்கு "அந்துருவா", மறுகண்ணிக்கு "அன்வேர்". அன்று நான் படித்த பிரெஞ்சு அந்த இரண்டு சொல்லுந்தான்.

ஊரில் எங்களுக்கு இது முழுக்கப் புதிதல்ல. மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்த அம்மாமார் ஊசியும் நூலும் பழகி, றேந்தை பின்னினவர்கள். வேலிக்குக் கிடுகு பின்னாத வீடு எது? ஓலையை ஊறப்போட்டு, விடிய எழும்பிப் பின்னுவோமே. என் அம்மா பனையோலையில் பெட்டி இழைப்பா. ஐயா யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், விறாந்தையில் இருந்து அம்மா ஓலையை வார்ந்து வார்ந்து இழைத்துக்கொண்டே இருந்தா. எனக்கு அப்போது கோபம் வந்தது. "ஐயா அங்கை கிடக்கிறார், உங்களுக்குப் பெட்டி கேக்குதோ?" என்று கேட்டேன். "கை சும்மா இருந்தால் மனம் பேயாடும் பிள்ளை" என்று சொன்னா. அந்தச் சொல்லின் அர்த்தம் நாற்பது வருடத்துக்குப் பிறகு, மதாமின் குசினியில் இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஆண்கள் சிரிக்க வேண்டாம். மயிலிட்டியிலும் குருநகரிலும் கடற்கரை மணலில் இருந்து வலை பொத்தினவர்கள் ஆண்கள்தானே. கண்ணி எண்ணுகிற வேலை உங்களுக்கும் தெரிந்த வேலைதான்.

பின்னத் தொடங்கியபோது என்ன நடந்தது என்று உள்ளபடி சொல்கிறேன். பயம் போகவில்லை. ஆனால் ஒரு வரிசையில் 40 கண்ணி எண்ணவேணும். எண்ணிக்கொண்டிருக்கிற நேரத்தில் பயப்பட இடமில்லை. பயம் வந்தால் எண்ணிக்கை பிழைக்கும். 40 இருக்கவேண்டிய இடத்தில் 37 நிற்கும். கழற்றித் திரும்பப் பின்னவேணும். முதல் மூன்று நாளும் நான் பின்னினதைவிடக் கழற்றினதுதான் கூட. அதில் ஒரு நிம்மதி இருந்தது. பிழைத்துப்போனதைத் திருத்தக்கூடிய ஒரு விஷயமாவது என் கையில் இருந்தது.

படித்தவர்களும் இதைப்பற்றி எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து மருத்துவர் ஹேபேட் பென்சன் 1975 இல் வெளியிட்ட ஒரு நூலில், ஒரு சொல்லையோ ஓசையையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அமைதியாக இருந்தால் மூச்சும் இதயத்துடிப்பும் நிதானப்படும் என்று எழுதினார். ஜெபமாலை உருட்டுகிறவர்களுக்கும் நாமம் சொல்கிறவர்களுக்கும் இது புதுமையாக இராது. ஒரே விதமாகக் கை அசைகிற பின்னலும் அந்த வகைதான். 2013 இல் பிரித்தானிய ஆய்வாளர்கள், பல நாடுகளிலும் பின்னல் வேலை செய்கிற 3,545 பேரிடம் கேட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் தங்களுக்கு மனம் அமைதியாகவும் சந்தோஷமாகவும் இருப்பதாகக் கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். பதில் சொன்னவர்கள் எல்லோரும் பின்னலில் விருப்பமுள்ளவர்கள்தான் என்பதையும் நாங்கள் மறக்கக்கூடாது. பின்னல் மருந்தல்ல. கட்டியை அது கரைக்காது. இதை நான் இந்த மேடையில் அழுத்திச் சொல்லவேணும், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போகிற கதை அதைப்பற்றியதுதான்.

பதினோராவது நாள், எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி வீட்டுக்கு வந்தா. ஊரில் பக்கத்துத் தெரு, இங்கே பார்க் எக்ஸ்ரென்சனில் முந்தி ஒரே கட்டடத்தில் இருந்தோம். "என்னக்கா, திடீரெண்டு பின்னத் தொடங்கியிட்டீங்கள், பேரப்பிள்ளை வரப்போகுதோ?" என்று பகிடியாகக் கேட்டா. நான் தலையை நிமிர்த்தவில்லை. கண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணி எண்ணிக்கொண்டே, நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் என் வாயால் வந்திருக்காது. கையில் வேலை இருந்தபடியால் வந்தது.

நான் சொல்லி முடிய அவ தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தா. கன நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, எனக்கும் ஒரு கட்டி இருக்கு. எட்டு மாசமாச்சு" என்றா.

"ஆருக்குச் சொன்னனீ?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவருக்கும் தெரியாது."

"ஏன் பிள்ளை?"

"மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசுறம். தாய்க்கு உந்த வருத்தமெண்டு கேள்விப்பட்டால் விட்டிடுவினம்."

எனக்குக் கை நடுங்கியது. நான் அவவைப் பேசவில்லை. பேச எனக்கு என்ன தகுதி? இரண்டு கடிதத்தை லாச்சியில் போட்டவள் நான். "நாளைக்கு நான் உன்னோடை வாறன்" என்று மட்டும் சொன்னேன். மற்ற நாள் காலமை இரண்டு பேருமாக வெளிக்கிட்டுப் போனோம். காத்திருக்கிற அறையில் நான் பின்னிக்கொண்டிருந்தேன். அவ நூல் உருண்டையை மடியில் வைத்து, எனக்கு வேண்டிய அளவு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தா. நாங்கள் இரண்டு பேரும் அன்று வேறொன்றும் கதைக்கவில்லை.

என்னுடைய முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை, சாதாரணக் கட்டி என்றார்கள். திரும்பக் கூப்பிடப்படுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு முடிவு இப்படித்தான் வருகிறது. ஆகவே அழைப்பு வந்தவுடன் கடைசி நாள் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவவின் முடிவு அப்படி வரவில்லை.

2023 மாசியில் சத்திரசிகிச்சை நடந்தது. பிறகு கீமோதெரபி, அதன் பிறகு கதிர் வைத்தியம். கீமோ ஏற்றுகிற நாட்களில் நானும் கூடப் போவேன். அவவுக்கும் பின்னலைப் பழக்கிவிட்டேன். சில நாட்கள் விரல் விறைத்துப்போய் ஊசியைப் பிடிக்க ஏலாது. அப்போது சும்மா நூலைத் தடவிக்கொண்டு இருப்பா. முடி கொட்டினபோது கம்பளித் தொப்பி தலையில் கடித்தது. பருத்தி நூலில் பின்னிக் கொடுத்தேன், அதுதான் இதமாக இருந்தது. ஒரு மார்பை எடுத்துவிட்டபடியால் சட்டைக்குள் வைக்க சிலிக்கோனில் செய்த ஒன்றை வைத்துப் பார்த்தா. பாரமாகவும் வெக்கையாகவும் இருக்கிறது என்று குறைப்பட்டா. இங்கே தாய்மார் இருக்கிறீர்கள், வெட்கப்படாமல் சொல்கிறேன். ரொறன்ரோவைச் சேர்ந்த பெரில் சாங் என்கிற பெண்மணி, தனக்கு இதே நோய் வந்தபிறகு, மென்மையான நூலில் மார்பு வடிவத்தைப் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்து, அந்தப் பின்னல் முறையை 2005 இல் எல்லோரும் செய்யத்தக்கதாக வெளியிட்டார். அதைப்போல நானும் ஒன்று செய்து கொடுத்தேன். இரண்டு தரம் அளவு பிழைத்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த வருடத்தில் அவ அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சம்பந்தம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவர்கள் விட்டுவிட்டார்கள். மகள், "அம்மா உயிரோடை இருக்கிறா, எனக்கு அது காணும்" என்றாளாம். தாய்க்கு வந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வரும் என்று எங்கள் சனம் நினைக்கிறது. மார்பகப் புற்றுநோய் வருகிற 100 பேரில் ஏறக்குறைய 5 முதல் 10 பேருக்குத்தான் அது பரம்பரையாக வந்ததாக இருக்கிறது. குடும்பத்தில் பலருக்கு இருந்தால் வைத்தியரிடம் அதைச் சொல்லவேணும். மறைப்பதால் யாருக்கும் நன்மையில்லை.

இனி, பிரயோசனமான சில விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

மனக்கவலை நேரத்தில் பின்னத் தொடங்குகிறவர்கள் கடினமான டிசைன் எடுக்க வேண்டாம். ஐந்து மில்லிமீற்றர் ஊசி, வெளிர் நிறத்தில் கொஞ்சம் தடித்த அக்றிலிக் நூல், இது போதும். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது. முடிக்கக்கூடிய சின்னச் சாமானாக, ஒரு ஸ்காவ், ஒரு ரூக் தொப்பி, ஒரு குழந்தைத் தொப்பி என்று தொடங்குங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் கையை ஆறவிடுங்கள். சத்திரசிகிச்சை செய்தவர்கள் எப்போது தொடங்கலாம் என்று தாதியிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கடிதம் வந்தவர்களுக்குக் குடும்ப வைத்தியர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கடிதமே வைத்தியர் எழுதித்தந்த துண்டுக்குச் சமம். சுகாதார அட்டையோடு அதைக் கொண்டுபோனால் படம் எடுப்பார்கள், காசு கேட்கமாட்டார்கள். கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டால், எந்த வயதானாலும், கடிதம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். 811 க்கு அடித்தால் இரவு பகல் எந்த நேரமும் தாதி ஒருவர் கதைப்பார். கேஸ் முடியாமல் இருக்கிறவர்கள் சங்கத்தில் வந்து கேளுங்கள், வழி சொல்வார்கள். இன்னொன்று, உங்கள் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். என் மகளின் முகத்தை நான் பார்த்தது போல வேறொரு தாயும் பார்க்கக்கூடாது. நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று கேளுங்கள். கேட்டால்தான் ஒழுங்கு செய்வார்கள்.

கோட் டெ நேஜ் பக்கம் இருக்கிற ஜூவிஷ் ஜெனரல் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து "ஹோப் அன்ட் கோப்" என்று ஒரு அமைப்பு இயங்குகிறது. சின்ன வயதில் புற்றுநோயால் ஒரு காலை இழந்த ஷீலா குஸ்னர் என்கிற பெண்மணி 1981 இல் அதைத் தொடக்கினார். அந்த நோயைத் தாங்களே கண்டு மீண்ட தொண்டர்கள் அங்கே இருக்கிறார்கள். காசு வாங்குவதில்லை.

வருஷப்பிறப்பன்று பெரியவர்கள் கையால் கைவிசேடம் வாங்குவது எங்கள் வழக்கம். இந்த வருடம் நான் உங்களிடம் ஒரு கைவிசேடம் கேட்கிறேன். வீட்டுக்குப் போய் உங்கள் குசினி லாச்சியைத் திறந்து பாருங்கள். அந்தக் கடிதம் கிடந்தால் வெளியில் எடுத்து, திங்கட்கிழமை ரெலிபோன் எடுங்கள். தனியே போகப் பயமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வாறன். சனிக்கிழமை பின்னேரங்களில் இதே மண்டபத்தின் பின்னறையில் நாங்கள் சில பேர் கூடிப் பின்னுகிறோம். ஊசியும் நூலும் நாங்கள் தருவோம். கதைக்க விரும்பினால் கதைக்கலாம், இல்லாவிட்டால் சும்மா இருந்து கண்ணி எண்ணலாம்.

என்னுடைய அந்தத் தங்கச்சி, "கதையைச் சொல்லுங்கோ அக்கா, பேரை மட்டும் சொல்லாதேங்கோ" என்று சொல்லித்தான் என்னை இங்கே அனுப்பினா. நான் சொல்லவில்லை. ஆனால் அவ இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறா. பனி இன்னும் முழுக்கக் கரையவில்லை என்று, நான் முதன்முதலாகப் பின்னின அந்த நீல ஸ்காவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறா. அதில் 37 கண்ணி நிற்கிற வரிசைகள் இப்போதும் இருக்கின்றன.

எல்லோருக்கும் சுகமும் மனநிம்மதியும் நிறைந்த புத்தாண்டாக இது அமையட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.